ஒரு கிலோ மாவில் எவ்வளவு அரிசி?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் போன்று தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில், இட்லி தோசை மாவு பாக்கெட் இல்லாத மளிகைக்கடையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பாக்கெட் மாவைப் பெருந்தொழிலாக்கிய ஐடி ஃப்ரெஷ் நிறுவனம் 2005-ல் தொடங்கப்பட்டதும் இந்த நகரத்தில்தான். வீட்டில் அரைத்தால் பாதி விலைகூட ஆகாது என்று ஒரு தரப்பும், அரிசி உளுந்து விற்கும் விலைக்குப் பாக்கெட்டே தேவலை என்று மறுதரப்பும் சொல்வதைக் கேட்கிறோம். இரண்டு கூற்றுகளுமே பெரும்பாலும் ஒரு கிலோ அரிசியின் விலையை ஒரு கிலோ மாவின் விலையோடு நேராக ஒப்பிட்டுச் சொல்லப்படுபவை. அரைத்த மாவின் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர் என்பதை நினைவில் கொண்டால் கணக்கு வேறு விதமாகப் போகும்.

அரிசி ஊறும்போது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்சுகிறது. உளுந்து தன் எடைக்கு நிகரான நீரையோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ எடுத்துக்கொள்கிறது. அரைக்கும்போது ஊற்றும் நீரும் சேர்ந்தபின், இட்லி மாவில் ஈரம் 60 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். உலர்ந்த தானியத்திலேயே 12 சதவீத அளவுக்கு ஈரம் உண்டு என்பதையும் கழித்துப் பார்த்தால், ஒரு கிலோ மாவுக்குத் தேவைப்படுவது 400 முதல் 450 கிராம் தானியம் மட்டுமே. கடையில் மாவு வாங்குபவர் அதில் பாதிக்கு மேல் தண்ணீரைத்தான் தூக்கி வருகிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வீட்டு மாவும் அப்படித்தான்.

கணக்குக்காக இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 140 ரூபாய், பாக்கெட் மாவு கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு ஒன்று என்ற அளவில் 360 கிராம் அரிசிக்கு 18 ரூபாய், 90 கிராம் உளுந்துக்கு 12 ரூபாய் 60 காசு, வெந்தயத்துக்கும் உப்புக்கும் ஒரு ரூபாய் எனத் தானியச் செலவு 32 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. 150 வாட் மேசைக் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட் மின்சாரம் செலவாகும். யூனிட் 6 ரூபாய் என்றாலும் இரண்டு கிலோ மாவுக்கு 60 காசுதான். புளித்த மாவை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிர்விக்க ஃபிரிட்ஜ் கூடுதலாக எடுக்கும் மின்சாரம் இன்னொரு 15 காசு. தானியம் கழுவுவதற்கும், ஊறவைப்பதற்கும், கல்லையும் பாத்திரத்தையும் அலம்புவதற்கும் 12 லிட்டர் தண்ணீர் போகிறது என்று கொண்டு, அதை 12,000 லிட்டருக்கு 2,000 ரூபாய் என்று டேங்கரில் வாங்குவதாகவும் வைத்துக்கொண்டால் 2 ரூபாய் ஆகும். கோடைக்கால பெங்களூரில் மாவரைக்கும் மின்சாரத்தைவிடக் கிரைண்டர் கழுவும் தண்ணீருக்கு விலை அதிகம் என்பது இந்தக் கணக்கில் நான் எதிர்பாராத வரி. எல்லாம் சேர்ந்தும் கிலோவுக்கு 34 ரூபாயைத் தாண்டவில்லை.

ஆனால் கிரைண்டர் இலவசமாக வரவில்லை. 5,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கிரைண்டர் பத்து ஆண்டுகள் உழைப்பதாகக் கொள்வோம். வாரம் ஒருமுறை இரண்டு கிலோ அரைக்கும் குடும்பம் அந்தக் காலத்தில் 1,040 கிலோ மாவு அரைத்திருக்கும். கிலோவுக்கு 5 ரூபாய்கூட ஆகாது. மாதம் ஒருமுறை மட்டும் அரைக்கும் வீட்டில் மொத்தம் 240 கிலோதான் என்பதால், அதே கிரைண்டர் கிலோவுக்கு 21 ரூபாய் கேட்கிறது. முதல் வீட்டில் அடக்கவிலை 39 ரூபாய், இரண்டாவது வீட்டில் 55 ரூபாய். மிக்ஸியில் அரைப்பவர்களுக்குத் தனிக்கருவிச் செலவு இல்லை என்றாலும் சூடு என்ற சிக்கல் உண்டு. 750 வாட் மோட்டார் சில நிமிடங்களுக்குள் உள்ளே செலுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி உராய்வால் வெப்பமாக மாறி மாவிலேயே தங்கிவிடுகிறது. கிரைண்டரின் கல்லோ மெதுவாகச் சுற்றுவதால் சூடு வெளியேற நேரம் கிடைக்கிறது, உளுந்தில் காற்றும் நன்றாக ஏறுகிறது. மிக்ஸியில் உளுந்து அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இதனால் வந்ததே.

அப்படியானால் 34 ரூபாய்ப் பொருள் கடைக்கு வரும்போது 80 ரூபாயாவது எதனால்? லாபம், வாடகை, கூலி ஆகியவை எல்லாப் பொருளுக்கும் பொதுவானவை. மாவுக்கென்றே உள்ள செலவு, அது உயிருள்ள சரக்கு என்பதால் வருவது. இட்லி மாவைப் பொங்கவைப்பது பெரும்பாலும் லியூகோனாஸ்டாக் மெசன்டெராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று 1965-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் இந்த நுண்ணுயிர், மாவிலுள்ள சர்க்கரைகளைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. உளுந்தின் புரதமும் அதிலுள்ள பிசுபிசுப்பான அராபினோகேலக்டான் என்ற கூட்டுச்சர்க்கரையும் அந்த வாயுவைக் குமிழிகளாகப் பிடித்துவைக்கின்றன. பாக்கெட்டுக்குள்ளும் இதே வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். குளிரில் அது மந்தமாகுமே தவிர நிற்பதில்லை. ஆகவே ஆலையிலிருந்து வண்டி, கிடங்கு, கடை என ஒவ்வொரு படியிலும் குளிர் அறுபடாமல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் சில மணி நேரம் மின்சாரம் போனாலும் பாக்கெட் உப்பிவிடும், மாவு புளித்துவிடும். சில நாட்களில் விற்றுத் தீராத பாக்கெட்டின் நஷ்டத்தை விற்ற பாக்கெட்டுகளே சுமக்க வேண்டும். உலர்ந்த இட்லி மிக்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் பொங்கச்செய்வது சமையல் சோடா என்பதால் அது அலமாரியிலேயே மாதக்கணக்கில் கிடக்கும்.

வீடும் இந்த உயிரியலிலிருந்து தப்பவில்லை. இந்த பாக்டீரியாவுக்கு 30 டிகிரி அளவிலான வெப்பம் உகந்தது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கும் பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15 டிகிரிக்கு இறங்கும்போது, சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே மறுநாள் மதியம்வரை அசையாமல் கிடக்கலாம். அதை அடுப்பு மேடையிலோ போர்வைக்குள்ளோ வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பெரிய இழப்பு இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. இருவர் மட்டும் வாழும் வீட்டில் இரண்டு கிலோ அரைத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மீறிப் புளித்துக் குப்பைக்குப் போனால், சாப்பிட்ட மாவின் அடக்கவிலை வாரம் அரைக்கும் வீட்டில் 39 ரூபாயிலிருந்து 58 ரூபாய்க்கும், மாதம் ஒருமுறை அரைக்கும் வீட்டில் 55 ரூபாயிலிருந்து 82 ரூபாய்க்கும் ஏறுகிறது. இரண்டாவது வீட்டுக்கு 80 ரூபாய்ப் பாக்கெட்டே மலிவு.

தெருமுனைக் கடையில் கரண்டிக் கணக்கில் மாவு வாங்குபவர்கள் மற்றொன்றையும் கவனிக்கலாம். மாவு பொங்கி இரட்டிப்பானாலும் அதன் எடை கூடுவதில்லை, உள்ளே புகுந்தது வாயு மட்டுமே. புதிதாக அரைத்த மாவில் ஒரு கரண்டியும் பொங்கிய மாவில் ஒரு கரண்டியும் ஒரே அளவு அரிசியைத் தருவதில்லை. தராசில் வைத்து வாங்கினால்தான் இரண்டும் சமம்.

நேரத்துக்கு என்ன விலை வைப்பது என்பதில் எனக்குத் திட்டவட்டமான எண் இல்லை. இரண்டு கிலோ அரைக்க, ஊறும் நேரத்தையும் புளிக்கும் நேரத்தையும் விட்டுவிட்டால், கை வேலை முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் அரைக்கும் வீட்டில் மிச்சமாவது 82 ரூபாய். அந்த முக்கால் மணி நேரம் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஆளுடையதாக, அதுவும் பெண்ணுடையதாக இருக்கும்போது, அதைச் சுழியம் என்று போட்டுவிட்டு வீட்டு மாவு மலிவு என்று முடிப்பது சரியான கணக்கு ஆகாது.

இதே முறையில் தயிரைக் கணக்கிட்டால் விடை மாறுகிறது. மாவைப் போல அதில் தண்ணீர் சேர்ப்பது இல்லை. ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு கிலோ தயிராகிறது. பாலும் ஏற்கெனவே குளிர் வண்டியில் வந்த சரக்குதான் என்பதால், பால் நிறுவனத்துக்குத் தயிரில் கூடும் செலவு உறைகுத்திச் சில மணி நேரம் வெதுவெதுப்பில் வைப்பது மட்டுமே. எனவே பால் பாக்கெட்டுக்கும் தயிர் பாக்கெட்டுக்கும் விலை இடைவெளி சிறியது. வீட்டில் ஒரு லிட்டர் பாலைக் காய்ச்ச 12 கிராம் அளவுக்கு எரிவாயு செலவாகும், 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்றால் அது 76 காசு. பால் எப்படியும் காய்ச்சப்படும் வீட்டில் அந்தக் காசையும் தயிரின் கணக்கில் எழுதத் தேவையில்லை.