ஐலெட்டின் பின்விளிம்பு ஏன் பிளக்கிறது?

படங்களை ஒட்டி அலங்கரிக்கும் ஆல்பமான ஸ்கிராப்புக்கின் பக்கத்தில் ஐலெட் (துளைக்குள் செருகி விளிம்பை மடிக்கும் குட்டி உலோகக் குழல்) அடித்தால் முன்பக்கம் அழகாக அமைகிறது, பின்பக்கம் பிளந்து காகிதத்தைக் கீறுகிறது. காரணம் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேலை எளியது. துளை போடுகிறோம், ஐலெட்டைச் செருகிப் பக்கத்தைக் கவிழ்க்கிறோம், குழலின் வாயில் செட்டரை (ஐலெட்டின் வாயை விரிக்கும் உலோகக் கருவி) நிறுத்திச் சுத்தியலால் தட்டுகிறோம். ரகசியம் செட்டரின் முனையில் இருக்கிறது. நடுவில் ஒரு குமிழ், அதைச் சுற்றி வளைவான பள்ளம். குமிழ் குழலுக்குள் இறங்கி வாயை விரிக்கிறது. விரிந்த விளிம்பு பள்ளத்தின் சுவரை ஒட்டி வெளியே வழுக்கிப் போகிறது. பள்ளத்தின் வளைவு அதைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. இப்படி உலோகம் தானே சுருண்டு காகிதத்தைக் கவ்விக்கொள்வது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

இதில் விளிம்பு படும் பாட்டைக் கணக்கிடலாம். 3/16 அங்குல ஐலெட்டின் குழல் ஏறக்குறைய 4.8 மி.மீ. விட்டம், சுற்றளவு 15 மி.மீ. அது 7 மி.மீ. விட்டத்துக்கு விரிந்தால் சுற்றளவு 22 மி.மீ. ஒரே நொடியில் கிட்டத்தட்ட 45 சதவீத நீட்சி! சூடாக்கி ஆறவிட்ட மென்பித்தளை இதைத் தாங்கும். தகடாக உருட்டி இறுகிப்போன பித்தளை தாங்காது. அணு அடுக்குகளில் உள்ள வரிசைப் பிழைகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. வளைய வளைய அந்தப் பிழைகள் பெருகி ஒன்றையொன்று மறிக்கும். அதற்கு மேல் இழுத்தால் விரிசல்தான்.

ஆகவே விளிம்பு தேவைக்கு மேல் நீளக் கூடாது. காகிதத்துக்கு அப்பால் குழல் 1.5 முதல் 2 மி.மீ. வரை நீண்டிருந்தால் போதும். அதிகமானால், 0.3 மி.மீ. தடிமன் வரும் 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்) அட்டைத் துண்டுகளைப் பின்னால் சேர்த்துச் சரிசெய்யுங்கள். செட்டர் சாய்ந்தால் நீட்சி முழுவதும் ஒரு பக்கமே விழும். முதல் தட்டு மெதுவாக, செட்டர் செங்குத்தாக இருக்கட்டும். ஐலெட்டின் அளவுக்கு உரிய செட்டரையே எடுங்கள். வாயில் பிசிறுள்ள ஐலெட்டை ஒதுக்கிவிடுங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

அடித்த அன்று நன்றாக இருந்த பித்தளை ஐலெட் பின்னாளில் பிளப்பதும் உண்டு. சுருண்ட விளிம்பில் இழுவிசை தங்கிவிடுகிறது. அதோடு ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் பித்தளையில் விரிசல் விழும். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் இப்படித்தான் பிளந்தன. பருவத்தின் மீதே பழி விழுந்தது. குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவும் உலோகத்தில் தங்கிய இழுவிசையும் சேர்ந்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். அரிமான (உலோக அரிப்பு) ஆய்வு பகட்டில்லாத துறை என்பதால் நிதி கேட்கும் வரிசையில் பின்னால் நிற்கிறது. தோட்டா முதல் பாலம் வரை காப்பது அதுதான், கூடுதல் நிதி அதற்கு உரியது.

ஆல்பத்துக்கு வருவோம். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான்களை அருகில் கொண்டுவராதீர்கள். பிவிசி உறைகளும் வேண்டாம். அவை சிதையும்போது வெளிவிடும் அமிலம் பித்தளையைப் பச்சை பூக்கவைக்கும். பாலிபுரொப்பிலீன் உறை நல்லது. எதிர்ப்பக்கப் புகைப்படத்தில் ஐலெட் அழுந்தாதபடி இடையில் அமிலமற்ற தாள் ஒன்று வையுங்கள்.