ஜீரோ போட்டாச்சு, ஆனால் டிரேஸிங் நிற்கவில்லை

“அதை அப்பவே நிறுத்திட்டேன் சார்.” வேலூர் வட்டாரத்தில் சர்வர் பராமரிப்பு பார்க்கிற எனக்கு இந்த வாக்கியம் காதில் விழுந்தாலே எரிச்சல் வருகிறது.

போன வாரம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. மறுநாள் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகாமல் இழுக்கிறது. அக்கவுன்டன்ட் வெயில்மேல் பழி போடுகிறார். நம்ம ஊரில் எது கெட்டாலும் வெயில்தான் குற்றவாளி. ஏசி ஒழுங்காக ஓடுகிறது, பிராசஸர் சூடும் அளவோடுதான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், லினக்ஸின் மையமான கெர்னலில், எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று பதிவு செய்யும் ஃபங்ஷன் டிரேஸர் அமர்க்களமாக ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் ஏன் மந்தமாக இருக்கிறது என்று பார்க்க அங்கிருந்த தம்பி ஆன் செய்தது. கேட்டால் நிறுத்திவிட்டேன் என்கிறார். டிரேஸிங்கின் சுவிட்ச் என்று பலரும் நினைக்கிற ‘டிரேஸிங் ஆன்’ ஃபைலைத் திறந்தேன், ஜீரோதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ராணிப்பேட்டை சிப்காட், காட்பாடியில் ஒரு கல்லூரி லேப் என்று இதையே திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்திலேயே சொல்லப்போகிறேன். அப்படியே காப்பி எடுத்து ஒட்ட முடியாது. நல்லதுதான், ஒட்டியதால் வந்த வினைதான் இதெல்லாம். மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் அடியுங்கள்.

விஷயத்துக்கு வருவோம். டிரேஸிங் ஆன் ஃபைலில் ஜீரோ எழுதினால் டிரேஸிங் நிற்காது. பதிவுகள் சேரும் நினைவகப் பகுதியான ரிங் பஃபரில் எழுதுவது மட்டும்தான் நிற்கும். கெர்னல் ஃபங்ஷன்களின் வாசலில் டிரேஸர் போட்ட கொக்கி அப்படியே இருக்கும். ஒவ்வொரு தடவை அந்த ஃபங்ஷன் கூப்பிடப்படும்போதும் பிராசஸர் டிரேஸரிடம் போய், “எழுதலாமா? வேண்டாமா? சரி” என்று திரும்பி வரும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் ரசீது போடுவதை மட்டும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு லாரியையும் வழக்கம்போல நிறுத்தி நிறுத்தி அனுப்பினால் நெரிசல் குறையுமா? கெர்னல் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது: இது பஃபரில் எழுதுவதை மட்டுமே நிறுத்தும், டிரேஸிங்கின் சுமை தொடரலாம் என்று. இதே வேலைகளைக் கட்டளையாகச் செய்யும் ‘டிரேஸ் சிஎம்டி’ கருவியிலும் அதே கதைதான். ‘ஸ்டாப்’ என்றால் எழுதுவது நிற்கும், சுமை நிற்காது. சுமையை இறக்குவது ‘ரீசெட்’. பெயரைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

இன்னும் ஒரு தடவை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜீரோ போட்டபின் டிரேஸ் ஃபைலில் புதிதாக ஒரு வரியும் வரவில்லை என்பது டிரேஸிங் நின்றதற்குச் சாட்சி ஆகாது.

அப்படியானால் அந்த ஜீரோவால் பயனே இல்லையா? உண்டு, முதல் படியாக. டிரேஸரை மாற்றினால் பஃபரில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதனால் முதலில் ஜீரோ போட்டு எழுதுவதை நிறுத்துங்கள். டிரேஸ் ஃபைலை வேறு இடத்துக்குக் காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம்தான் அணைக்கிற வேலை.

‘சிஸ்’ அடியில் கெர்னல், அதன் அடியில் டிரேஸிங் என்ற டைரக்டரி. பழைய கெர்னலில் டீபக் டைரக்டரிக்குள் இருக்கும். 2015-இல் வந்த 4.1 முதல் இதற்கென்று தனி ஃபைல் சிஸ்டமே உண்டு. அங்கே ‘கரன்ட் டிரேஸர்’ ஃபைலில் ‘நாப்’ என்று எழுதுங்கள். ஃபங்ஷன் டிரேஸர் போய்விடும். அடுத்து ‘செட் ஈவன்ட்’ ஃபைல். ஈவன்ட் என்றால் கெர்னலுக்குள் முன்பே குறித்துவைத்த பதிவு இடம். அதற்குள் வெறும் எக்கோவைத் திருப்பிவிட்டால் ஈவன்ட்கள் எல்லாம் அணையும். நாப் போட்டதும் ஈவன்ட்களும் போய்விட்டன என்று நினைக்காதீர்கள், இரண்டும் தனித்தனி. கேப்ரோப், அதாவது கெர்னலில் நாமே வைக்கும் பதிவு இடம், வைத்திருந்தால் அதன் ஈவன்ட்டை அணைத்த பிறகுதான் ‘கேப்ரோப் ஈவன்ட்ஸ்’ ஃபைலைக் காலி செய்ய முடியும். முந்தினால் ‘பிஸி’ என்று திட்டும். திட்டினால் ரீபூட் செய்யாதீர்கள், ஈவன்ட்டை அணையுங்கள்.

எந்த ஃபங்ஷன்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஃபில்டர் கடைசியில். இதைப் பெரிய எழுத்தில் எழுதி சர்வர் ரூம் சுவரில் ஒட்டினாலும் தகும். டிரேஸர் ஓடும்போதே ‘செட் எஃப்டிரேஸ் ஃபில்டர்’ ஃபைலைக் காலி செய்தால், நாலு ஃபங்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்த டிரேஸர் பல பத்தாயிரம் ஃபங்ஷன்களைப் பார்க்க ஆரம்பிக்கும். ‘ஃபங்க் ஸ்டாக் டிரேஸ்’ ஆப்ஷனும் ஆனில் இருந்தால் தொலைந்தது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு ஸ்டாக் டிரேஸ், அதாவது யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியல், எழுத ஆரம்பிக்கும். கீபோர்டில் அடித்த எழுத்து திரையில் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த ஆப்ஷனை முதலில் அணை, நாப் போடு, அப்புறம் ஃபில்டரைத் தொடு. ஃபில்டரைக் காலி செய்தாலும் ‘டிரேஸ் ஆன்’, ‘டிரேஸ் ஆஃப்’ மாதிரி, குறித்த ஃபங்ஷன் ஓடும்போது டிரேஸிங்கை ஆன், ஆஃப் செய்ய வைத்த ஃபங்ஷன் கட்டளைகள் போகாது. அவற்றை ஆச்சரியக்குறி சேர்த்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். அணைத்த டிரேஸிங் பேய் மாதிரி தானாக ஆன் ஆகிறது என்று சொல்பவர்கள் இங்கே பாருங்கள்.

பஃபரை யாரும் நினைப்பதே இல்லை. ‘பஃபர் சைஸ் கேபி’ ஃபைலில் இருக்கும் எண் ஒவ்வொரு சிபியூவுக்கும் தனித்தனி. 16 கோர் உள்ள சர்வரில் ஒருவர் 100 எம்பி அளவு வைத்திருந்தால் 1.6 ஜிபி போச்சு. ஓடும் பிராசஸ்களைக் காட்டும் ‘டாப்’ கட்டளையில் எந்தப் பிராசஸிலும் காட்டாது, அது கெர்னல் நினைவகம். ரேம் போதவில்லை, புதுசு வாங்க வேண்டும் என்று கொட்டேஷன் கேட்கும் முன் அதைக் குறையுங்கள். டிரேஸ் சிஎம்டியில் ரீசெட்டோடு ‘பி’ ஆப்ஷனும் (பஃபரின் முதலெழுத்து, சின்ன எழுத்தில்) ஜீரோவும் கொடுத்தால் போதும். ‘இன்ஸ்டன்ஸஸ்’ டைரக்டரிக்குள்ளும் எட்டிப்பாருங்கள். அங்கே யாராவது தனி பஃபர் உருவாக்கி வைத்திருந்தால் அதற்கு வேறு ஈவன்ட், வேறு சுவிட்ச். மேலே அணைத்தது அதைத் தொடாது. வேலை முடிந்த இன்ஸ்டன்ஸை ‘ஆர்எம்டிர்’ போட்டு எடுங்கள்.

சூடோ எக்கோ போட்டும் பெர்மிஷன் டினைட் வருகிறது என்று போன் வரும். அம்புக்குறிக்குப் பின்னால் இருக்கும் ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல்; சூடோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பைப் போட்டு ‘சூடோ டீ’ வழியாக எழுதுங்கள். தயவுசெய்து அந்த டைரக்டரிக்கு 777 கொடுத்துவிட்டு வராதீர்கள். கெர்னலின் உள்விவகாரத்தை ஊருக்கே திறந்துவிட்ட மாதிரி.

எஃப்டிரேஸ் என்பது கெர்னலின் இந்த டிரேஸிங் அமைப்பின் பெயர். ‘எஃப்டிரேஸ் எனேபிள்ட்’ என்று, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் ஒரு சுவிட்ச் உண்டு. எல்லாவற்றையும் ஒரே அடியாக அணைக்கும் என்று நினைத்து அதில் கை வைக்கிறார்கள். ஈவன்ட்களை அது அணைக்காது. அதோடு, ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் லைவ் பேட்ச் போட்டுப் பாதுகாப்பு ஓட்டையை அடைத்திருக்கும் சர்வரில் அந்த பேட்ச் நிற்பதே எஃப்டிரேஸ் மேல்தான். புதிய கெர்னல் அணைக்க விடாது, பழையது விட்டுவிடும். தொடாதீர்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வரி: ‘லாக்மேன் குவெரி’யோடு ‘ஈடிஎஸ்’ சேர்த்து அடித்து, விண்டோஸ் கெர்னலைப் பதிவு செய்யும் ‘என்டி கெர்னல் லாகர்’ ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ‘ஸ்டாப்’. ‘டபிள்யூபிஆர்’ என்ற விண்டோஸ் பதிவுக் கருவி கொண்டு ஆரம்பித்ததை ‘கேன்சல்’ செய்தால் பதிவு போய்விடும், ‘ஸ்டாப்’ செய்தால் ஃபைலாகக் கிடைக்கும்.

முடித்த பிறகு ‘எனேபிள்ட் ஃபங்ஷன்ஸ்’ ஃபைலைப் படியுங்கள். காலியாக இருந்தால் ஃபங்ஷன் பக்கம் கொக்கி இல்லை. ஏதாவது மிச்சம் இருந்தால் உடனே பிடுங்க வேண்டாம். லைவ் பேட்சாகவோ பாதுகாப்பு மென்பொருள் வைத்ததாகவோ இருக்கலாம், வைத்தவரைக் கேளுங்கள். ரீபூட்டுக்குப் பிறகும் டிரேஸிங் திரும்பி வந்தால் ‘ப்ராக்’ அடியில் ‘சிஎம்டிலைன்’ ஃபைலைப் பாருங்கள். எஃப்டிரேஸ், டிரேஸ் ஈவன்ட் என்ற சொற்கள் அங்கே இருந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது கெர்னலை ஏற்றும் கிரப்பின் அமைப்பில் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை அங்கேயே நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, அடுத்த ரீபூட்டுக்குப் பின் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.