எட்டு மூலைகள் சுமக்கும் குவிமாடம்

பாகிஸ்தானின் முல்தான் கோட்டை மேட்டில் ஒரே சூஃபி குடும்பத்தின் இரண்டு தர்காக்கள் இருக்கின்றன. தாத்தா பகாவுத்தீன் ஸக்கரியா 1262-இல் மறைந்தவர். அவருடைய தர்கா தரையில் சதுரம், மேலே எண்கோணம், உச்சியில் குவிமாடம். பேரர் ருக்னே ஆலமின் தர்காவோ அடித்தளத்திலிருந்தே எண்கோணம். கொத்தனாரின் தலைவலியைப் பாதியாகக் குறைத்த மாற்றம் இது.

குவிமாடத்தின் அடி வட்டம். 25 அடி ஆரமுள்ள வட்டத்தைச் சதுரச் சுவர்மேல் ஏற்றினால் ஒவ்வொரு மூலையிலும் பத்தடிக்கு மேல் இடைவெளி விழும். எண்கோணத்தில் விழுவது இரண்டடிதான். அந்த மூலைகளில் சிறு வளைவுகள் எழுப்பி எட்டுப் பக்கங்களைப் பதினாறாக்கினால், வட்டம் கைக்கெட்டிவிடும்.

அடுத்த சிக்கல் பக்கவாட்டு உதைப்பு. பாதி சாத்துக்குடித் தோலைக் கவிழ்த்து உச்சியில் அழுத்துங்கள். விளிம்பு விரிந்து கிழியும். குவிமாடமும் தன் எடையாலேயே அப்படி விரியப் பார்க்கிறது. செங்கல் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் ருக்னே ஆலம் தர்காவின் அடிச்சுவருக்கு 13 அடிக்கும் கூடுதலான தடிப்பு; எட்டு மூலைகளிலும் மேலே போகப் போகச் சிறுக்கும் கோபுரங்கள் முட்டுக்கொடுக்கின்றன. சுவருக்குள் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த சீஷம் மர உத்திரங்களையும் பதித்திருக்கிறார்கள். மரம் இழுவிசையைத் தாங்கும். வண்டிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டாவின் வேலையில் ஒரு பங்கை அது செய்கிறது. செங்கல் வரிசைகளுக்கு நடுவே கறுத்த கோடுகளாக அந்த மரங்கள் வெளியிலேயே தெரியும். ஒளித்து வைக்காததுதான் எனக்குப் பிடித்தது.

இதைக் கட்டியவர் தில்லி சுல்தான் கியாசுத்தீன் துக்ளக், 1320-24 வாக்கில். தமக்கென்று கட்டியதை, மகன் முகம்மது பின் துக்ளக் ஞானி ருக்னே ஆலமுக்கு விட்டுக்கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. நாம் கோமாளித்தனத்துக்கு உவமை சொல்லும் அதே துக்ளக்தான்! தந்தை அடங்கியிருப்பது தில்லியின் துக்ளக்காபாதில். அங்கும் சுவர்கள் உட்சாய்ந்தே நிற்கின்றன. ஆனால் அது கல், சதுரம்.

முல்தானில் உள்ளே மேற்குச் சுவரில் செதுக்கு வேலைப்பாடுள்ள மர மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) இருக்கிறது. வெளியே செங்கல்லோடு நீலமும் வெள்ளையுமாக மெருகு ஓடுகள். 1970-களில் கட்டடத்தைச் செப்பனிட்டபோது அந்த ஓடு வேலையை உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு மறுபடியும் பழக்கினார்கள். 1983-இல் அந்தச் செப்பனிடும் பணிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.