அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதித் தராமல் இழுத்தடித்தால்: மூன்று வருடக் கணக்கு

2020 பொங்கல் கழிந்த வாரம் ஒரு பெரியவர் மஞ்சப்பையோடு வந்தார். நான் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் மனு எழுதிக் கொடுப்பவன். பைக்குள் நான்காக மடித்த கிரைய அக்ரிமென்ட், அதோடு குண்டூசி குத்திய ஏழு மனு ரசீதுகள். ஒன்றரை ஏக்கர் புஞ்சைக்கு 9 லட்சம் பேசி, 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதக் கெடு போட்டிருந்தார்கள். கெடு முடிந்தது 2016 டிசம்பரில். விற்கிறவர் முதலில் "பொண்ணு கல்யாணம் முடியட்டும் மாமா" என்றார், அப்புறம் "தம்பி கையெழுத்துப் போட மாட்டேங்கிறான்" என்றார், பக்கத்து ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு போனையே எடுக்கவில்லை.

பெரியவர் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷன், தாசில்தார், ஆர்.டி.ஓ., கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாள் என்று எல்லா இடத்துக்கும் போனார். எல்லாப் பதிலிலும் ஒரே வரிதான்: "உரிய நீதிமன்றத்தை அணுகவும்." கடைசிப் பதில் வந்தது 2019 நவம்பரில். அப்போதும் வழக்குப் போட ஒரு மாதம் மிச்சம் இருந்தது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஒரு ஆபீஸிலும் ஆள் இல்லை.

விஷயம் இதுதான். விற்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டவர் பின்வாங்கினால், எழுதித்தரச் சொல்லி வழக்குப் போடலாம். கோர்ட் தமிழில் 'ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு'. வக்கீல்கள் 'ஸ்பெசிபிக் பெர்பார்மன்ஸ்' என்பார்கள். இதற்குக் காலக்கெடு 3 வருடம். அக்ரிமென்ட்டில் தேதி போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து, போடாவிட்டால் அவர் முடியாது என்று சொன்னது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. நீங்கள் கொடுக்கும் எந்த மனுவும் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது, போலீஸில் புகாருக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் நிறுத்தாது, ஊர்ப் பஞ்சாயத்தும் நிறுத்தாது. அப்பீலுக்கு இருப்பது போலத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடும் வழியும் புது வழக்குக்குக் கிடையாது.

"இன்னும் ஆறு மாதம் தருகிறேன்" என்று இருவரும் ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் வாங்குங்கள், அக்ரிமென்ட் பதிவானதென்றால் நீட்டிப்பையும் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சில் தள்ளிப்போன கெடுவை நம்பித்தான் பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள்.

அடுத்த பொறி, பணம். மீதித் தொகையோடு நான் தயாராக இருந்தேன் என்பதை வழக்குப் போடுகிற நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2018-ல் சட்டத்தைத் திருத்தி, இந்த மாதிரி வழக்கில் நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டிருந்த இடத்தைக் குறைத்தார்கள், ஆனால் இந்த நிபந்தனை அப்படியே இருக்கிறது. அவர் ஏமாற்றுக்காரர் என்று நீங்கள் எவ்வளவு கத்தினாலும், அவர் பக்க வக்கீல் கேட்கும் முதல் கேள்வி "கெடு நாளில் உங்கள் கையில் ஆறு லட்சம் இருந்ததா?" என்பதுதான். அதனால் கெடுவுக்கு முன்பே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்: இந்தத் தேதி, இந்தப் பதிவு அலுவலகம், பணத்தோடு வருகிறேன், வந்து எழுதிக் கொடு என்று. ஒப்புகை வருகிற தபாலில் அனுப்பி, அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்புக், கடன் ஒப்புதல் கடிதம், நகை அடகு ரசீது எதுவானாலும் அந்தத் தேதிக்கு உரியதாக இருக்கட்டும். அட்வான்ஸையும் பேங்க் வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்ததை மறுப்பது ரொம்ப சுலபம்.

"அக்ரிமென்ட் பதிவாகவில்லையே, செல்லுமா?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவாகாத தாளையும் இந்த வகை வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது, அதனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஆனால் பதிவாகாதது வில்லங்கச் சான்றில் வராது. அந்த இடைவெளியில் அவர் நிலத்தை வேறொருவருக்கு விற்று, வாங்கியவரும் "எனக்கு ஒன்றும் தெரியாது, பணம் கொடுத்து வாங்கினேன்" என்று நின்றுவிட்டால் நிலம் உங்கள் கைக்கு வருவது கஷ்டம். சார் பதிவாளரிடம் ஆட்சேபணை மனுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகாதீர்கள், கோர்ட் தடை உத்தரவு இல்லாமல் அந்தத் தாளுக்குப் பெரிய பலம் கிடையாது. வழக்கோடு சேர்த்தே இடைக்காலத் தடை கேளுங்கள்.

கையெழுத்து போட்டவர் யார் என்பதையும் பாருங்கள். கூட்டுப் பட்டாவில் அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கைகள் "எங்களுக்கும் பங்கு உண்டு" என்று வந்தால் நிலம் முழுசாகக் கிடைக்காது. பட்டா ஒருவர் பெயரில் இருப்பதால் மட்டும் நிலம் முழுக்க அவருடையது ஆகிவிடாது. வி.ஏ.ஓ. "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று சொல்வதை வைத்துப் பணம் எண்ணாதீர்கள், நாளைக்குக் கோர்ட்டில் வந்து நிற்கப்போவது அவர் இல்லை.

போலீஸ் விஷயத்தில் எனக்கே எரிச்சல் உண்டு. வாக்குத் தவறியதே மோசடி ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே விற்ற நிலத்தையே காட்டி உங்களிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அந்தப் புகாருக்கு உயிர் இருக்கிறது. மற்றபடி "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள், அல்லது இருவரையும் உட்காரவைத்து ஒரு சமாதானத் தாள் எழுதுவார்கள். எழுதினால் ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினல் அக்ரிமென்ட்டை யாரிடமும் விடாதீர்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர அவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டால் பேங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அது வேறு கடிகாரம்.

வழக்கு மனுவில் ஒரு வரி விடுபடாமல் பாருங்கள்: "நிலம் எழுதித்தர உத்தரவிட முடியாவிட்டால் அட்வான்ஸை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்." கேட்காத பரிகாரத்தைக் கோர்ட் தானாகத் தராது. கோர்ட் கட்டணம் பேசிய விலையில் 3 சதவீதம், 9 லட்சத்துக்கு 27,000 ரூபாய். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமாதானமானால் அது திரும்பக் கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது அக்ரிமென்ட், பணம் போன பேங்க் கணக்கு, புது வில்லங்கச் சான்று, நோட்டீஸின் ஒப்புகை அட்டை, இத்தனையும் பையில் இருக்கட்டும். மனு ரசீதுகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.