படத்துலதான் மௌனம், ஷூட்டிங்ல ஒரே சத்தம்

1925ல வந்த 'கிளாஷ் ஆஃப் தி வுல்வ்ஸ்'னு ஒரு ஊமைப்படம், அதுல ரின் டின் டின்ங்கற ஜெர்மன் ஷெப்பர்டு ஓநாய்க் கூட்டத்துக்கே தலைவனா வருது, ஒரு கட்டத்துல கால்ல முள்ளு குத்தி நொண்டி நொண்டி போகும் பாருங்க, நமக்கே மனசு என்னவோ பண்ணும். ஆனா நாய்க்கு வலியும் கிடையாது, கதை என்னன்னும் தெரியாது. அப்புறம் எப்படி நடிச்சுது?

ஊமைப்படம்ங்கறதாலதான் பாதி வேலை ஈஸியாச்சு. மைக் கிடையாது இல்லையா, அதனால ட்ரெய்னர் கேமராவுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு நட, படு, திரும்புன்னு ஷாட் முழுக்க கத்திக்கிட்டே இருக்கலாம், ஃபிலிம்ல எதுவும் பதியாது. ரின் டின் டின்னோட ஓனர் லீ டங்கன் ஒரு அமெரிக்க சோல்ஜர், முதல் உலகப் போர் சமயத்துல, 1918 செப்டம்பர்ல, பிரான்ஸ்ல குண்டு விழுந்த ஒரு நாய்க் கொட்டகையில இதைக் குட்டியா கண்டெடுத்தவர், ட்ரெய்னிங்கும் அவரேதான். இதுக்கு முன்னாடி 1921லயே 'தி சைலண்ட் கால்'ல ஹிட்டான ஸ்ட்ராங்ஹார்ட் ஜெர்மனில போலீஸ் நாயா பழகினது, அதுக்கும் கட்டளை கேக்கறது புதுசு இல்ல.

சரி, நொண்டறதை எப்படி பழக்குவாங்க? ஒரே நாள்ல வராது. முதல்ல ஒரு வார்த்தை சொன்னா முன்னங்காலைத் தூக்கணும், தூக்கினா ஒரு துண்டு கறியோ பிடிச்ச பொம்மையோ கிடைக்கும். அது பழகினதும் சும்மா தூக்கினா ஒண்ணும் கிடையாது, தூக்கின காலோட ஒரு எட்டு வச்சாதான் கறி, அப்புறம் ரெண்டு எட்டு, அப்புறம் பத்து. நாயைப் பொறுத்தவரைக்கும் அது கறிக்கான நடை, அவ்வளவுதான், அடிபட்ட ஹீரோன்னு நினைக்கறது டிக்கெட் வாங்கின நாமதான்.

இந்த 'நாமதான்' எவ்வளவு பெரிய விஷயம்னு ரஷ்யால குலெஷோவ்னு ஒரு டைரக்டர் 1920 வாக்குல காட்டினார், ஒரு நடிகரோட அதே வெறும் முகத்தை எடுத்து பக்கத்துல சூப் கிண்ணத்தை ஒட்டினா பசின்னாங்களாம், சவப்பெட்டிய ஒட்டினா சோகம்னாங்களாம். நாய் முகத்துக்கு இது இன்னும் நல்லா செட் ஆகும். நாய் பாக்கறது என்னவோ கேமராவை ஒட்டி நிக்கற ட்ரெய்னரைத்தான், அடுத்த ஷாட்ல வில்லனைக் காட்டிட்டா முறைக்குதுன்னு நாமளே எழுதிக்கறோம்.

கூடவே உடம்புலயும் ஒரு சமாச்சாரம் இருக்கு, புருவத்தோட உள்முனைய மேல தூக்கற தசை நாய்க்கு நல்லா வளர்ந்திருக்கு, ஓநாய்க்கு அந்த அளவுக்கு இல்லன்னு 2019ல வந்த ஒரு ஆராய்ச்சி சொல்லுது, நம்மள உருக வைக்கற அந்தப் பாவமான பார்வை அதுலேருந்துதான். ஆக ஓநாய்த் தலைவனுக்காக ஊரே உருகினது சுத்தமான நாய்ப் பார்வையப் பாத்துதான், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச தமாஷ்!

வேகத்துல கொஞ்சம் கை வேலையும் உண்டு. கேமராவைக் கையாலதான் சுத்துவாங்க, நொடிக்கு 12 ஃப்ரேம் மெதுவா சுத்தி எடுத்து தியேட்டர்ல 20ல ஓட்டினா 10 நொடி ஓட்டம் 6 நொடில முடிஞ்சிடும், குதிரைக்குச் சமமா பாயற மாதிரி தெரியும். ஆனா தாண்டறது எல்லாம் டூப்பு இல்ல, சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு நாய்க் கண்காட்சில ரின் டின் டின் சுமார் 12 அடி உயரத்தைத் தாண்டியிருக்கு.

அப்புறம் பேசும் படம் வந்துச்சு, மைக்கும் வந்துச்சு, ட்ரெய்னர் வாயத் தொறந்தா ஷாட் காலி. கை சைகைக்கு மாறணும். இதுல சிக்கல் என்னன்னா குரல் முதுகுப் பக்கமிருந்து வந்தாலும் காதுல விழும், சைகைய நாய் பாத்தாதான் உண்டு, கேமராவுக்கு முதுகு காட்டி ஓடற நாயை நடுவுல திருப்பணும்னா ட்ரெய்னர் எதிர்ப்பக்கம் ஏதாவது பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கணும். வார்னர் கம்பெனி 1929 கடைசில ரின் டின் டின்னைக் கழட்டி விட்டுட்டாங்க, அடுத்த வருஷமே வேற கம்பெனில 'தி லோன் டிஃபெண்டர்'ங்கற பேசும் சீரியல்ல, அதாவது தியேட்டர்ல பகுதி பகுதியா ஓடற படத்துல, நடிச்சுது, அப்ப அதுக்கு வயசு கிட்டத்தட்ட 12.