தரையில் உட்கார்ந்து ஷேட் கார்டைப் பிரியுங்கள்

குழந்தையின் அறைக்கு வண்ணம் பூச வேண்டும் என்று அழைக்கும் வீடுகளில், நான் போய்ச் சேர்வதற்குள் ஷேட் கார்டு, அதாவது நிற மாதிரி அட்டை, மேசைமேல் விரிந்து கிடக்கும். பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம், இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு மஞ்சள் என்று பேச்சு சுற்றிக்கொண்டிருக்கும். நான் அறைக்குள் போய்த் தரையில் உட்காருவேன். பெற்றோரையும் உட்காரச் சொல்வேன். பதினாறு ஆண்டுகளாகச் சென்னை வீடுகளில் இந்த வேலை பார்க்கிறேன். நின்றுகொண்டு பார்க்கும் அறை வேறு, குழந்தை வாழும் அறை வேறு.

அசோக் நகரில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. சுவருக்கு மட்டும்தான் பேசியிருந்தார்கள். இரண்டு வயதுப் பையன் ஜன்னல் திண்டில் ஏறி, கிரில்லைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான். பார்த்துக்கொண்டே கம்பியைக் கடித்தான். "அவன் அங்கே நின்றால்தான் சாப்பிடுவான், தம்பி" என்றார் பாட்டி. அருகில் போய்ப் பார்த்தேன். பச்சை எனாமல் பெயிண்ட் செதிள் செதிளாக உரிந்திருந்தது. அதன் அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் சிவப்பு. வீட்டில் எவருக்கும் அந்தக் கிரில்லின் நினைவே இல்லை.

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதிமுறை 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த நிறங்களைத் தந்ததே ஈயக் குரோமேட் போன்ற நிறமிகள்தான். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களின் உடலைவிடக் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இரத்தசோகையைக் கொண்டுவரும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் பெரிய தவறு நடப்பது புதுப்பிக்கும் நாளில்தான். பழைய கிரில்லை உப்புத்தாள் கொண்டு காய்ந்தபடியே தேய்ப்பார்கள். அந்தத் தூசு மெத்தையிலும் பொம்மையிலும் தரையிலும் படியும். தவழும் குழந்தையின் கை அடுத்து வாய்க்குத்தான் போகும். ஆகவே பழைய பூச்சு என்றால் நான் விட்டுக்கொடுக்காமல் கேட்பது இவைதான்: குழந்தையும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்க வேண்டும். செதில்களைச் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெயிண்டர் அண்ணனும் முகக்கவசம் போட வேண்டும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு கிரில்லுக்கும் கட்டிலுக்கும் தண்ணீரில் கலக்கும் எனாமலே போதும். தின்னர் நெடி இருக்காது. டப்பாவில் 90 பிபிஎம் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி சுவருக்கு வருவோம். தரையிலிருந்து பார்த்தால், குழந்தையின் கை எட்டும் மூன்றரை அடி உயரம்தான் அந்த அறையின் உண்மையான சுவர். அதுவரை கழுவக்கூடிய சாட்டின் எமல்ஷன் (மெல்லிய பளபளப்புள்ள சுவர் பெயிண்ட்), சற்று அழுத்தமான நிறத்தில். அதற்கு மேல் வெளிர் நிறம். எல்லைக்கோடு நேராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திருவான்மியூரில் ஒரு வீட்டில் அந்தக் கோட்டை அலையாக வளைத்து, கீழே மணல் நிறம் பூசினோம். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைப் பற்றி அந்தச் சிறுமிக்கு நிறையத் தெரிந்திருந்தது. அட்டையில் ஆமைக்குஞ்சு வடிவத்தை வெட்டிக்கொண்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றி அவளே பாதியை வரைந்தாள். எல்லாக் குஞ்சுகளும் கிழக்கு ஜன்னலைப் பார்த்துப் போக வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். கடல் அந்தப் பக்கம்தானே இருக்கிறது! நான் செய்த அறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பள்ளிக்கரணையின் கூழைக்கடாவும் கிண்டியின் வெளிமானும் இப்படிச் சுவருக்கு வரலாம். கார்ட்டூன் பாத்திரங்களைச் சுவர் முழுக்க வரைவதை மட்டும் நான் ஆதரிப்பதில்லை. இரண்டு ஆண்டுகளில் பிள்ளைக்கு அது சலித்துவிடும்.

இன்னொரு யோசனை, புள்ளிச்சுவர். ஒரு பக்கத்தில் கரும்பலகை பெயிண்ட் பூசி, அதில் வெள்ளை பெயிண்டால் ஏழுக்கு ஏழு கோலப்புள்ளிகளை மட்டும் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். சாக்பீஸால் தினமும் ஒரு கோலம் போடலாம், ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பாட்டியும் பேத்தியும் போட்டி போட்டு நிரப்புவார்கள். வீசிங் உள்ள பிள்ளைக்குச் சாக்பீஸ் தூசு ஆகாது; அந்த வீட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

கைக்குழந்தை அதிகம் பார்ப்பது மேல்கூரையை. அங்கே வெளிர் நீலத்தில் சில விண்மீன்கள் போதும்.

நிறத்தை ஷேட் கார்டை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். கார்டில் மென்மையாகத் தெரிந்த மஞ்சள், நான்கு சுவரிலும் ஏறியதும் கண்ணைக் குத்தும். இரண்டடிக்கு இரண்டடி பூசி, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

சென்னைக்கென்று ஒரு கவலை, ஈரம். குளியலறையை ஒட்டிய சுவர், மழை அடிக்கும் வெளிச்சுவர் இரண்டிலும் ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவைப்பேன். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் அதன்மேல் பட்டி பார்த்துப் பூசினால் உப்புப் பூக்கும், பூஞ்சை பிடிக்கும். மூச்சுக்குத் திணறும் குழந்தையின் தலைமாட்டில் பூஞ்சை இருப்பதைவிட மங்கிய சுவரே மேல். தீபாவளிக்குப் புதுச்சுவர் வேண்டும் என்று பலர் அக்டோபரில் அவசரப்படுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. பூச்சு காயாது, ஜன்னலைத் திறக்க முடியாமல் நெடியும் தங்கும். பொங்கல் கழிந்து, பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். நெடி முற்றிலும் போகும்வரை, ஒரு வாரமானாலும், குழந்தை வேறு அறையில் தூங்கட்டும்.

வேலை முடிந்ததும் மிச்ச எமல்ஷனைச் சிறிய டப்பாவில் இறுக மூடி, குழந்தைக்கு எட்டாத பரணில் வையுங்கள். ஷேட் எண்ணையும் பூசிய தேதியையும் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதிவிடுங்கள். மூன்றரை அடிக்குக் கீழே தொட்டுப் பூச, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது தேவைப்படும்.