மார்க் 11: பின்மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் தராதீர்கள்

பழைய இராணுவக் கைக்கடிகாரங்களில் சுவிஸ் கடிகார நிறுவனமான ஐடபிள்யூசியின் மார்க் 11-க்கு உள்ள கிராக்கி தனி. கிராக்கி உள்ள இடத்தில் ஒட்டுவேலையும் இருக்கும். முழுப் போலியை ஓரளவு பழகிய கண்ணே பிடித்துவிடும். அசல் கேஸுக்குள் சாதாரண ஐடபிள்யூசி மெஷினை வைத்து, மேலே புதிதாக அச்சடித்த டயலைப் பொருத்தி விற்கிறார்களே, அதில்தான் ஏமாறுகிறார்கள். வெளிப்புறப் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் போதாது. பின்மூடியின் உட்புறம், இரும்பு உள்மூடி, மெஷின் மூன்றும் தெளிவாகத் தெரியும் படங்களைக் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எதையெதைப் பார்க்க வேண்டும் என்பது, கடிகாரம் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் தானே விளங்கிவிடும். விமானிக் கடிகாரம் என்று பொதுவாகச் சொன்னாலும், மார்க் 11 முதன்மையாக பிரிட்டிஷ் விமானப்படையில் வழி கணிக்கும் நேவிகேட்டர்களுக்கானது. செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் விண்மீன்களின் உயரத்தை அளந்து விமானம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்ட காலம் அது. நேரம் 4 விநாடி பிசகினால், நிலநடுக்கோட்டருகே கணக்கு 1 கடல் மைல் தள்ளிப்போகும். ஆகவே வானொலி நேரச் சமிக்ஞைக்குத் தக்கபடி விநாடி முள்ளை நிறுத்தி வைக்க முடிய வேண்டும். விமானக் கருவிகளின் காந்தப்புலம் மெஷினைத் தொடக் கூடாது. காற்றழுத்தம் சட்டென்று இறங்கினாலும் கண்ணாடி கழன்றுவிடக் கூடாது. 6பி/346 என்ற கிடங்கு எண்ணின்கீழ், 1940-களின் இறுதியிலிருந்து ஐடபிள்யூசியும் ஜெய்கர்-லெகூல்டரும் இதற்கேற்பச் செய்து கொடுத்தன.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். கிரௌனை, அதாவது சாவி கொடுக்கும் குமிழை, வெளியே இழுங்கள். விநாடி முள் அந்த நொடியே நிற்க வேண்டும். ஐடபிள்யூசியில் உள்ளே இருப்பது 17 ஜுவல் (தேய்மானம் தடுக்கும் கல்), மணிக்கு 18,000 துடிப்பு கொண்ட கேலிபர் 89 என்ற மெஷின் வகை. அதே கேலிபர் ஆயிரக்கணக்கான சாதாரணக் கைக்கடிகாரங்களிலும் உண்டு. ஆனால் அவற்றில் விநாடியை நிறுத்தும் நெம்புகோல் கிடையாது. முள் ஓடிக்கொண்டே இருந்தால், மெஷின் வேறு கடிகாரத்திலிருந்து வந்திருக்கலாம், அல்லது பழுது பார்த்தவர் அந்த நெம்புகோலைத் தொலைத்திருக்கலாம். இரண்டுக்கும் விலை குறைய வேண்டும்.

அடுத்தது தேனிரும்புக் கூடு. டயல், மெஷினைச் சுற்றிய வளையம், பின்மூடிக்குள் இருக்கும் உள்மூடி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் காந்தப்புலத்தைத் தடுக்கின்றன. உள்மூடி அடிக்கடி காணாமல் போகும் பாகம். தனியாகத் தேடிப் பிடிப்பது கடினம். டயல் பித்தளையாக இருந்தால் அது அசல் அல்ல.

கேஸ் 36 மி.மீ. ஸ்டீல். ஸ்ட்ராப் மாட்டும் கம்பிகள் லக்குகளோடு (கேஸின் நீட்டிய காதுகள்) அசையாமல் பொருத்தப்பட்டவை. எனவே இழுத்துச் செருகும் ஒற்றைத் துண்டு ஸ்ட்ராப்தான் மாட்ட முடியும். கழற்றி மாட்டும் ஸ்பிரிங் பார் தெரிந்தால் கம்பியை அறுத்து லக்கில் துளை போட்டிருக்கலாம். பின்மூடியில் பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்று காட்டும் அகன்ற அம்புக்குறி, 6பி/346, அதன்கீழ் வரிசை எண்ணும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: சுழலும் வெட்டுக்கருவி போட்ட கோட்டின் முனை உருண்டையாக முடியும், லேசர் போட்டதன் ஓரங்கள் கருகியும் ஒரே சீராகவும் இருக்கும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பளபளப்பைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம், அதனால்தான் இந்த நாசவேலை நிற்பதே இல்லை.

டயலில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். தொடக்க காலத்தவற்றில் உச்சியில் 12 என்ற எண் இருந்தது. 1952-ல் அது போய் முக்கோணமும் இரு புள்ளிகளும் வந்தன. ஒளிரும் பூச்சில் முதலில் இருந்தது கதிரியக்கம் உள்ள ரேடியம். 1960-களில் கதிர் வலுக் குறைந்த டிரிட்டியம், அதற்கு அடையாளமாக வட்டத்துக்குள் ஆங்கில டி எழுத்து. பின்மூடியில் 51 என்றிருக்க, டயலில் வட்ட டி இருந்தால் பலர் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தவறு. இராணுவப் பட்டறையே ரேடியம் டயல்களைக் கழற்றிவிட்டு டிரிட்டியம் டயல்களை மாட்டியது. 1981 வரை பணியில் இருந்த கருவி, பாகம் மாறாமல் எப்படி இருக்கும்? மாறாக, 12 எண் உள்ள பழைய டயல் பளிச்சென்று, ஒரு புள்ளி கறை இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்குத்தான் விலை அதிகம். புதிதாக அச்சடிப்பதும் அதைத்தான்.

பூச்சைச் சோதிக்க டார்ச் ஒளியை அரை நிமிடம் காட்டி விளக்கை அணையுங்கள். பழைய டிரிட்டியம் மங்கலாக மின்னிச் சில நொடிகளில் அடங்கும். ரேடியம் பெரும்பாலும் மின்னவே மின்னாது. நிமிடக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் அது நேற்றைய பூச்சு. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. டிரிட்டியத்தின் பீட்டா கதிர் கண்ணாடியைத் தாண்டாது, ரேடியத்தின் காமா தாண்டும். வட்ட டி டயல் கருவியை அலற வைத்தால் முட்கள் பழைய ரேடியம் முட்களாக இருக்கலாம், கேஸில் பழைய தூள் தங்கியிருக்கலாம், அல்லது அந்த டி எழுத்தே யாரோ பின்னால் சேர்த்ததாக இருக்கலாம்.

‘ஒளி போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது’ என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். மங்கிப்போனது, கதிர் பட்டு ஒளிரும் துத்தநாக சல்பைடு. கதிர் தாக்கித் தாக்கி அது செயலிழந்துவிட்டது. ரேடியம்-226-ன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். டயல் வரைந்த அன்றிருந்த ரேடியத்தில் ஏறக்குறைய முழுவதும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி முழுதாக இருக்கும்வரை எப்போதாவது கட்டிக்கொள்வதில் பெரிய ஆபத்து இல்லை. தூள்தான் எதிரி. கண்ணாடிக்குள் பொடி உதிர்ந்து கிடந்தால் குலுக்காதீர்கள், திறக்காதீர்கள், ஊதாதீர்கள். மூச்சிலோ வாயிலோ போன ரேடியம் கால்சியம் போல எலும்பில் போய்த் தங்கும். 1920-களில் அமெரிக்காவில் தூரிகையை உதட்டில் கூர்செய்து டயல் வரைந்த பெண்களின் தாடை எலும்பு அழுகியது இதனால்தான். ரேடியம் சிதைந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் வரும். பல கடிகாரங்கள் சேர்த்திருப்பவர் அவற்றைப் படுக்கையறை அலமாரியில் பூட்டி வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘இது ரேடியம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாதவர் டயலில் புளோயரால் காற்றடிப்பார். முட்களை அல்ட்ராசோனிக் (ஒலியதிர்வால் கழுவும் தொட்டி) உள்ளே போடுவார். பூச்சு கரைந்து அந்தத் திரவத்தில் அடுத்த பத்து கடிகாரங்களும் குளிக்கும். பழக்கமுள்ளவர் கையுறை போட்டு, ஈரத்தாள் விரித்து, டயலையும் முட்களையும் தனிப் பையில் மூடிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். டயலைப் புதுப்பிக்க வேண்டாம், கேஸைத் தேய்க்க வேண்டாம், மாற்றிய எந்தப் பாகத்தையும் எறியாமல் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கடிகாரம் திடீரென நாளுக்குச் சில நிமிடங்கள் வேகமாக ஓடினால் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறி ஒட்டியிருக்கலாம். அப்படியே காந்தம் நீக்கும் டிமேக்னடைசரில் காட்டினால் பலன் குறைவு. வெளிக்காந்தத்தைத் தடுக்கும் இரும்புக் கூடு அதையும் தடுக்கும். மெஷினைக் கூட்டிலிருந்து எடுத்த பிறகே செய்ய வேண்டும். முழுச் சாவி கொடுத்து டயல் மேலிருக்க துடிப்பை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்தால் பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் வீச்சு 270 பாகை அளவில் இருப்பது ஆரோக்கியம். 220-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அப்போது கோளாறை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை மட்டும் நகர்த்தி நேரத்தைச் ‘சரிசெய்து’ தருபவரிடமிருந்து கடிகாரத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.